எழுபது வளைவும் மூன்று கிலோமீட்டர் சேறும்: தினமும் ஓடும் வண்டிக்கு டிஃபரன்ஷியல் லாக் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அப்பால் மிளகும் காப்பியும் விளையும் ஒரு தோட்டத்துக்கும், அடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் உள்ள வீட்டுக்கும் இடையே வாரத்தில் ஆறு நாள் ஓடுகிற ஒரு நாற்சக்கர இயக்க வண்டியைப் பற்றியது இந்த ஆய்வு. வண்டி என் பெரியப்பா மகனுடையது. ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சேர்ந்து சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் லாக், அதாவது பூட்டு, வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வகை, எந்த அச்சில் என்று முடிவு செய்யும் பொறுப்பை அண்ணன் என்னிடம் விட்டதால், முடிவெடுக்குமுன் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த வண்டியை உடனிருந்து கவனித்தேன். வண்டியின் பெயரைச் சொல்லாமல் அமைப்பை மட்டும் சொல்கிறேன். தேர்வைத் தீர்மானித்தது பெயர்ப்பலகை அல்ல, அமைப்புதான். ஏணிச்சட்டகம், டீசல் எஞ்சின், முன்புறம் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷன், பின்புறம் பட்டை வில்லின் மேல் உட்கார்ந்த முழு அச்சு, 235/70 ஆர்16 டயர், இரண்டு அச்சிலும் சாதாரண டிஃபரன்ஷியல் (வளைவில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி). பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது.

ஒரு வழிக்கு 40 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் பயணம் அது. காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரை சமவெளி. அங்கிருந்து சோளக்காடு வரை மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டைக் கடந்தபின் கடைசி மூன்று கிலோமீட்டர் மட்டுமே தோட்டத்து மண்பாதை. கோடையில் அந்தப் பாதையில் சாதாரணக் காரே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் களியாகக் குழைந்துவிடுகிறது. காப்பிப் பழம் பறிப்பும் அதே நாட்களில்தான் தொடங்குகிறது என்பதால், பாதை மோசமாக இருக்கும்போதுதான் வண்டியில் சுமையும் அதிகம். ஆக, பூட்டு தேவைப்படுவது ஒரு நாளில் மூன்று கிலோமீட்டருக்கு, அதுவும் ஆண்டில் சில மாதங்களுக்கு. மீதமுள்ள ஓட்டம் முழுவதும் தார்ச்சாலையில். இந்த விகிதத்தை மறந்துவிட்டுப் பூட்டைப் பற்றிப் பேசுகிறவர்களின் அறிவுரைகளை நான் ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்தேன்.

சிக்கிய இடங்களின் கணக்கு

அந்த மழைக்காலத்தில் வண்டி நகராமல் நின்றது ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் எந்தச் சக்கரம் சுழன்றது, எது அசையாமல் நின்றது, அடிப்பாகம் எங்கேயாவது தட்டியதா என்று குறித்து வைத்தோம். ஐந்து தடவை ஒரே இடத்தில்தான் நின்றது: மழைநீர் அறுத்த ஒரு வாய்க்கால் பாதையைச் சாய்வாகக் குறுக்கிடுகிறது, அதில் ஏறும்போது முன்பக்கம் ஒரு சக்கரமும் பின்பக்கம் அதற்கு எதிர்மூலைச் சக்கரமும் பாரமிழந்து சும்மா சுழன்றன, மற்ற இரண்டும் நல்ல தரையில் நின்றபடி எதுவும் செய்யவில்லை. இரண்டு தடவை, டிராக்டர் போட்ட ஆழமான தடங்களுக்கு நடுவே எழும்பியிருந்த மண்மேட்டில் பின் அச்சின் கூடு உட்கார்ந்துகொண்டது. மீதி இரண்டு தடவை களியில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒருசேரச் சுழன்றன.

இந்தப் பிரிப்பு முக்கியமானது. பூட்டு தீர்க்கக்கூடியவை முதல் ஐந்து மட்டுமே. கூடு மண்ணில் உட்கார்ந்தால் எந்தப் பூட்டும் தூக்கிவிடாது. அதற்குப் பாதையைத்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டு சக்கரமும் ஏற்கெனவே சேர்ந்து சுழலும்போது அவற்றைச் சேர்த்துப் பூட்டுவதில் பொருளில்லை. அது டயரின் குறை. எனவே பூட்டுக்குப் பணம் எடுக்குமுன் தேய்ந்திருந்த சாலை டயர்களை மாற்றி, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஆல் டெரைன் டயர் நான்கும் ஒரே நாளில் போட்டோம். மண்பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 20க்கு இறக்கிப் பார்த்தோம். களியில் வழுக்கிய இடங்களை வண்டி கடந்துவிட்டது. வாய்க்காலில் மட்டும் முன்போலவே நின்றது. பூட்டுக்கான தேவை உறுதியானது அப்போதுதான்.

சும்மா சுழல்வது ஏன்

"பிடிமானம் இல்லாத சக்கரத்துக்கே எல்லா விசையும் ஓடிவிடுகிறது" என்று சொல்லக் கேட்டிருப்போம். சாதாரண டிஃபரன்ஷியல் அப்படிச் செய்வதில்லை. அது இரண்டு பக்கமும் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தருகிறது. வேகம் மட்டுமே வேறுபடலாம். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற மிகச் சிறிய விசையே போதும் என்பதால், தரையில் ஊன்றியிருக்கும் சக்கரத்துக்கும் அதே சிறிய அளவுதான் கிடைக்கிறது. வண்டியை நகர்த்த அது போதாது. இதைப் புரிந்துகொண்டால் கைபிரேக்கைப் பாதி இழுத்துக்கொண்டு முடுக்கும் பழைய தந்திரம் ஏன் பலிக்கிறது என்பதும் விளங்கும். சுழலும் சக்கரத்தைப் பிரேக் எதிர்க்கும்போது அந்தப் பக்கம் தேவைப்படும் விசை கூடுகிறது. அதே அளவு மறுபக்கமும் போய்ச் சேருகிறது. 2020இல் வந்த மஹிந்திரா தார் வண்டியிலும், மாருதியின் ஜிம்னியிலும் உள்ள பிரேக் வழிப் பூட்டுகள் இதையே மின்னணு முறையில் செய்கின்றன. அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சக்கரம் முதலில் சுழன்றாக வேண்டும், முடுக்கைத் தளர்த்தாமல் பிடித்திருக்க வேண்டும், அடுத்தடுத்துச் செய்தால் பிரேக் சூடேறும். எங்கள் வண்டியில் ஏபிஎஸ்ஸே இல்லை என்பதால் அந்த வழி தொடக்கத்திலேயே அடைபட்டிருந்தது.

முழுப் பூட்டு என்பது டிஃபரன்ஷியலிலிருந்து இரு சக்கரங்களுக்கும் போகும் இரண்டு அரைஅச்சுகளையும் ஒரே தண்டாக்கிவிடுகிறது. வேகம் ஒன்றாகிறது, விசை பிடிமானம் உள்ள பக்கம் தானாகச் சாய்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. எஞ்சின் 250 நியூட்டன்-மீட்டர் தருகிறது, லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியர் நிலையில்) முதல் கியரில் மொத்தப் பற்சக்கர விகிதம் 40 என்று வைத்துக்கொண்டால், சக்கரங்களுக்கு வந்து சேர்வது 10,000 நியூட்டன்-மீட்டர். திறந்த, அதாவது பூட்டில்லாத, டிஃபரன்ஷியலில் ஒரு பக்கத்து அரைஅச்சு பின்பக்கப் பங்கில் பாதிக்கு மேல் சுமப்பதில்லை. பூட்டிய அச்சில் ஒரே சக்கரம் மட்டும் தரையில் இருந்தால் பின்பக்கப் பங்கு முழுவதும் ஒரே அரைஅச்சின் தலையில் விழும். பூட்டைப் போட்டபின் அரைஅச்சை முறித்துக்கொண்டவர்கள், பெரும்பாலும், பூட்டு இருக்கிறதே என்று முடுக்கை முழுதாக மிதித்தவர்கள்.

பூட்டாதபோது என்ன செய்யும் என்ற கேள்வி

தேர்வில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். பூட்டிக்கொண்டபின் சேற்றில் எல்லாப் பூட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யும். தார்ச்சாலையில், மழையில், மூடுபனியில், 70 வளைவுகளில் ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பின்சக்கரங்களுக்கு இடையேயான அகலம் சுமார் 1.4 மீட்டர். வண்டி அரைவட்டம் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வேறுபாடு மாறாது. எங்கள் டயரின் சுற்றளவு 2.31 மீட்டர் என்பதால் அது கிட்டத்தட்ட இரண்டு முழுச் சுற்று. 70 வளைவுகளும் முழு அரைவட்டம் என்று கொண்டால் ஏறும்போது 133 சுற்று, இறங்கும்போது மறுபடி 133. தினமும் 266 சுற்று வேறுபாட்டை இந்த அச்சு எங்கேயாவது விழுங்கியாக வேண்டும். திறந்த டிஃபரன்ஷியல் சத்தமில்லாமல் விழுங்குகிறது. உள்ளே உள்ள சிறு பற்சக்கரங்களை வெல்டு வைத்துவிட்டால் செலவே இல்லை என்று நாமக்கல்லில் ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் அந்த 266 சுற்றும் டயர் ரப்பராகத் தார்மேல் தேயும், மழையில் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். விவசாய டிராக்டருக்கு வேண்டுமானால் சரி.

அடுத்தது தானியங்கிப் பூட்டு. டெட்ராய்ட் லாக்கரும், சிறு பற்சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் செருகும் லஞ்ச்பாக்ஸ் வகைகளும் இதில் அடங்கும். பொத்தானில்லை, காற்றில்லை, கம்பியில்லை. எப்போதும் பூட்டியே இருக்கும், திரும்பும்போது வேகமாகச் செல்லும் வெளிச்சக்கரத்தை மட்டும் பல்பல்லாக நழுவ விடும். விலையும் எளிமையும் கவர்ச்சியானவை. காட்டுப்பாதையில் மட்டும் ஓடும் வண்டிக்கு நானே இதைப் பரிந்துரைப்பேன். ஆனால் வளைவில் முடுக்கோடு ஏறும்போது வெளிச்சக்கரம் விடுபட்டுவிடுவதால் இழுக்கும் வேலை முழுவதும் உள்சக்கரத்துக்குப் போகிறது. அது வண்டியின் மூக்கை வளைவுக்கு வெளியே தள்ளுகிறது. வளைவின் நடுவில், எதிரே பேருந்து வருகிறதென்று முடுக்கை விட்டால், சுமை உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு ஒரே கணத்தில் மாறி, ஓர் அடி விழுந்ததுபோல் வண்டி பக்கவாட்டில் அசையும். நீண்ட வண்டியில் இது சிறிய உதறல். சக்கரங்களுக்கிடையே இரண்டரை மீட்டர்கூட இல்லாத குட்டை வண்டியில், நனைந்த கொண்டை ஊசி வளைவில், ஓட்டுகிறவர் பழகியிருந்தாலும் சங்கடமே. அண்ணன் வண்டியை வாரத்தில் இரண்டு நாள் வேறோர் ஓட்டுநர் ஓட்டுகிறார். அவருக்கும் பழக வேண்டும். இது ஒன்றே இந்த வகையைத் தள்ளுவதற்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்தது ஈட்டன் நிறுவனத்தின் இயந்திரவகைத் தானியங்கிப் பூட்டு. 2015 முதல் தாரின் பின் அச்சில் வந்ததும் இந்த வகைதான். மற்ற தானியங்கிகளுக்கு நேர்மாறாக இது எப்போதும் திறந்தே இருக்கும்; இரண்டு பக்கத்து வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று அளவுக்கு வேறுபட்டால் உள்ளே உள்ள சிறு எடைகள் விரிந்து பூட்டை இழுத்துவிடும், மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. வளைவுகளில் தவறிப் பூட்டிக்கொள்ளுமோ என்ற ஐயம் எனக்கு முதலில் இருந்தது. எட்டு மீட்டர் ஆர வளைவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் இரு சக்கரங்களின் வேறுபாடு நிமிடத்துக்கு 19 சுற்றுதான் வருகிறது. எனவே சாலையில் தொல்லையில்லை. தினசரி வண்டிக்கு இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, எங்கள் ஓட்டுநருக்கு எதுவும் சொல்லித்தரவும் தேவையிருக்காது.

தயக்கம் வாய்க்காலில் வந்தது. ஒரு சக்கரம் நின்றுகிடக்க மற்றது 100 சுற்று சுழல்வதென்றால், அந்த டயர் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் மண்ணைப் பறிக்க வேண்டும். வேகமானி அப்போது ஏழு காட்டும். பாறையிலும் சரளையிலும் அது ஒரு கணத்து விஷயம். களியில் அந்தக் கணத்துக்குள் பள்ளம் விழுந்துவிடுகிறது. அதோடு, பூட்டு விழும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பக்கச் சரிவில் செல்லும்போது திறந்த அச்சில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது சும்மா உருண்டபடி வண்டியின் பின்பாகத்தைப் பிடித்துக்கொள்ளும். பூட்டு விழுந்ததும் இரண்டும் சேர்ந்து வழுக்கி, பின்பாகம் சரிவின் கீழ்ப்பக்கம் இறங்கும். வாய்க்காலைக் கடந்தவுடன் தோட்டத்துப் பாதையில் அப்படியொரு சரிவு இருக்கிறது, கீழே மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் வரிசை. பூட்டு எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது என்பது சில மீட்டர் இடைவெளியில் மாறும் இடம் அது.

சுருள்பல் கொண்ட லிமிடெட் ஸ்லிப் வகை, ட்ரூட்ராக் போன்றது, மழைச்சாலையில் எல்லாவற்றையும்விட இனிமையானது. ஆனால் அது குறைந்த பிடிமானமுள்ள பக்கத்தின் விசையைச் சில மடங்கு பெருக்கித்தான் மறுபக்கம் தரும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தின் விசை பூஜ்யத்துக்கு அருகில், பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம். பிரேக்கை லேசாக மிதித்து ஏமாற்றலாம். எங்கள் ஐந்து தடவையும் சக்கரம் பாரமிழந்த இடத்திலேயே நடந்தவை என்பதால் இதை விட்டோம்.

முடிவும் பொருத்துதலும்

எஞ்சியது, வேண்டும்போது மட்டும் பூட்டும் வகை: காற்றால், மின்சாரத்தால், அல்லது நெம்புகோலால். ஃபோர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா வண்டியில் முன், பின் இரண்டு அச்சிலும் இயந்திரப் பூட்டு தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. தார் ராக்ஸின் நாற்சக்கர இயக்க வகைகளில் பின்னால் மின்னணுப் பூட்டு இருக்கிறது. புது வண்டி வாங்குகிறவர் தொழிற்சாலைப் பூட்டுள்ள வண்டியையே வாங்குவது நல்லது என்பது என் கருத்து. ஏபிஎஸ்ஸும், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பியும் உள்ள வண்டியில் அச்சு பூட்டியிருப்பதைக் கணினி அறிந்திருக்க வேண்டும். வெளியில் வாங்கிப் பொருத்தினால் அந்தச் செய்தியைச் சொல்ல ஆளில்லை. எங்கள் பழைய வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மின்சாரப் பூட்டு சுத்தமான அமைப்பு. ஒரு கம்பி, ஒரு சுருள், அவ்வளவுதான். ஆனால் சுருள் அச்சுக் கூட்டுக்குள்ளே இருக்கிறது. பழுதானால் கூட்டைத் திறந்தாக வேண்டும். காற்றுப் பூட்டில் உறுப்புகள் நிறைய: கம்ப்ரசர், மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு, நைலான் குழாய், உள்ளே காற்றைக் கசியாமல் காக்கும் வளையங்கள். பொறுமையாகப் பார்த்தால் மின்சாரமே மேல் என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். மாற்றியது நாமக்கல். லாரித் தொழிலே ஊரின் பிழைப்பாக உள்ள இடத்தில், பத்துச் சக்கர டிப்பரின் காற்று டிஃபரன்ஷியல் லாக்கைக் கழற்றிப் பூட்டாத மிஸ்திரி இல்லை. "காத்து லைன்தானுங்க, இது நம்ம கைக்குள்ள இருக்கிற வேலை" என்றார் எங்கள் மிஸ்திரி. குழாயும் இணைப்பானும் எந்த லாரி உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். இன்னொன்று: மண்பாதையில் 20 பிஎஸ்ஐக்கு இறக்கிய டயரோடு 70 வளைவுகளை இறங்கக் கூடாது, தினமும் காற்றை ஏற்றியாக வேண்டும். எப்படியும் ஒரு கம்ப்ரசர் வாங்கவேண்டிய வண்டிக்குக் காற்றுப் பூட்டின் பாதிச் செலவு ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட செலவு. பூட்டுக்கு மட்டும் போதுமான சின்னக் கம்ப்ரசர் டயரை ஊத அரைமணி எடுத்துக்கொள்ளும் என்பதால் பெரியதையே வாங்கினோம். எல்லாம் சேர்ந்து லட்ச ரூபாயைத் தாண்டியது.

பின் அச்சில் மட்டும் போட்டோம். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்கிறது, சுமையும் அங்கேதான். முன் அச்சைப் பூட்டினால் ஸ்டீயரிங் இறுகுவதோடு, திருப்பிய நிலையில் முன்பக்க ஜாயிண்டுகள்தான் முதலில் உடையும்.

வாங்குமுன் அரைஅச்சின் முனையில் உள்ள ஸ்ப்ளைன் எனும் பற்களின் எண்ணிக்கையையும், அச்சைச் சுழற்றும் பற்சக்கர இணையான கிரவுன் பினியனின் விகிதத்தையும் கூட்டைத் திறந்து நேரில் எண்ணிப் பார்த்தோம். ஒரே பெயரில் வந்த வண்டிகளிலும் ஆண்டுக்கு ஆண்டு அச்சு மாறியிருக்கும். பொருத்துவதில் நேரம் பிடித்தது பூட்டு அல்ல, கிரவுன் பினியனை மீண்டும் அமர்த்துவது. பல்லிடை வெளியை அளந்து, ஷிம் எனும் மெல்லிய தகடுகளை மாற்றி, பல்லில் சாயம் தடவிப் பதிவு பார்த்து, மறுபடி கழற்றி, மறுபடி பூட்டி ஒன்றரை நாள் போனது. இதில் அவசரப்பட்டால் பூட்டு நன்றாக இருந்தும் அச்சு தினமும் ஊளையிடும். 80 கிலோமீட்டர் அன்றாடம் ஓடும் வண்டியில் அதைச் சகிக்க முடியாது. மின்கம்பியில் ஒரு நிபந்தனையும் வைத்தோம்: லோ ரேஞ்ச் விழுந்தால் மட்டுமே பூட்டுப் பொத்தானுக்கு மின்சாரம் வரும். பூட்டை அணைக்க மறந்து தார்ச்சாலைக்கு வந்தாலும், ஹை ரேஞ்சுக்கு மாற்றியவுடன் தானாக விடுபட்டுவிடும்.

ஓராண்டுக்குப் பின்

அடுத்த மழையில் வாய்க்காலில் வண்டி ஒரு தடவையும் நிற்கவில்லை. ஓட்டுநருக்குச் சொன்ன முறை இதுதான்: வாய்க்காலுக்கு முன்பே நிறுத்து, பூட்டு, விளக்கு எரிகிறதா பார், முடுக்கைத் தொடாதது போலத் தொட்டு ஏறு, ஏறி முடித்ததும் சரிவுக்கு முன் விடு. சில நாட்கள் பொத்தானை அணைத்தபின்னும் பூட்டு உடனே விடுபடவில்லை. அச்சில் முறுக்கு மிச்சமிருக்கும்போது அப்படித்தான் இருக்கும். ஸ்டீயரிங்கைச் சற்றே இருபுறமும் ஆட்டி உருட்டினால் விட்டுவிடுகிறது.

ஒரு பழுது வந்தது. ஆறாவது மாதத்தில் பூட்டு விழ மறுத்தது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது. உள்வளையம் போய்விட்டதோ என்று பயந்தோம். பார்த்தால் நைலான் குழாய் ஓரிடத்தில் கட்டு தளர்ந்து சைலன்ஸர் அருகே தொங்கி உருகியிருந்தது. செம்மேட்டிலேயே ஒரு துண்டு குழாயும் இரண்டு இணைப்பானும் போட்டுச் சரிசெய்தாயிற்று. பின்னர் அந்தப் பகுதி முழுவதையும் சட்டகத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். டயர்கள் நான்கும் ஒரேபோலத் தேய்ந்திருக்கின்றன. தார்ச்சாலையில் வண்டிக்குள் பூட்டு இருப்பதே தெரியவில்லை.

அச்சுக் கூடு உட்கார்ந்த மண்மேட்டுக்கு மட்டும் வேறு மருந்து தேவைப்பட்டது. தை மாதத்தில் ஈரம் காய்ந்தபின், இரண்டு டிராக்டர் சரளை கொட்டி அந்தத் தடங்களை நிரப்பினோம்.